டாலர், வட்டி, டெரிவேட்டிவ்ஸ்: ஒரு சாமானியனின் அனுபவம்

(எங்கள் கிளையின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன மாதம் ஆன்மிகம், அதற்கு முந்தைய மாதம் மூட்டு வலி என்று உபயோகமான விஷயங்களைக் கேட்டு வந்த உங்கள் முன்னால் 'டெரிவேட்டிவ்ஸ்' என்ற வார்த்தையோடு நிற்கிறேன். செயலாளர் டெலிபோனில் தலைப்பைக் கேட்டதும் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "ஸார், மாமிகளும் வருவா" என்றார். "மாமிகளுக்குத்தான் முதல்ல புரியும்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்பது கொஞ்ச நேரத்தில் தெரியும்.

என்னைப் பற்றி இரண்டு வரி. நான் பி.எஸ்ஸி. ஃபிஸிக்ஸ். 1974-ல் கஸ்டம்ஸ் இலாகாவில் சேர்ந்து, பம்பாய், காண்ட்லா, கொச்சி என்று சுற்றிவிட்டு 2010-ல் ஓய்வு பெற்றேன். பாங்க்கில் வேலை பார்த்தவன் இல்லை, சி.ஏ.வும் இல்லை. டெரிவேட்டிவ் என்றால் கால்குலஸ் வகுப்பு ஞாபகம் வருகிற தலைமுறை. இந்த விஷயத்தை நான் ஆசைப்பட்டுப் படிக்கவில்லை. ஒரு தவறு செய்துவிட்டு, செய்தது என்ன என்று தெரிந்துகொள்ளப் படித்தேன். அந்தத் தவறையும் இன்று சொல்லத்தான் போகிறேன்.

முதலில் நோய் என்ன என்று பார்ப்போம்.

நம் சிறு வயதில் டாலருக்கு ஒரு விலை உண்டு, அது மாறும் என்பதே பெரும்பாலோருக்குத் தெரியாது. 1966 ஜூன் 6-ஆம் தேதி 4 ரூபாய் 76 காசாக இருந்த டாலரை அரசாங்கம் 7 ரூபாய் 50 காசாக்கியது. அது சர்க்கார் போட்ட கோடு. அடுத்த கோடு போடும்வரை அசையாது. 1971 ஆகஸ்ட் 15-ல் அமெரிக்க ஜனாதிபதி நிக்ஸன் டாலருக்கும் தங்கத்துக்கும் இருந்த முடிச்சை அவிழ்த்துவிட்டார். அதன்பின் பெரிய நாடுகளின் நாணயங்கள் தினம் ஏறவும் இறங்கவும் ஆரம்பித்தன. 1972 மே மாதமே சிகாகோவில் நாணயங்களுக்கு ஃப்யூச்சர்ஸ் சந்தை திறந்தார்கள். வியாதி வந்த ஒரு வருஷத்துக்குள் மருந்துக் கடை! நம் நாட்டில் 1993 மார்ச்சில்தான் ரூபாயின் விலையைச் சந்தை தீர்மானிக்கும் முறை முழுமையாக வந்தது.

அதற்கு முன்பே இந்த நோய் எப்படி இருக்கும் என்று என் மேஜையிலிருந்தே பார்த்துவிட்டேன். 1991 ஜூலை 1-ஆம் தேதியும் 3-ஆம் தேதியும் இரண்டு தவணையாக ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்கள். 21 ரூபாய் சொச்சமாக இருந்த டாலர் 26 ரூபாயை நெருங்கிவிட்டது. மூன்று நாள்தான். நான் அப்போது பம்பாய் கஸ்டம்ஸ் ஹவுஸில் இருந்தேன். வெளிநாட்டிலிருந்து மெஷின் வரவழைத்த ஒருவர் பில் ஆஃப் என்ட்ரியைக் கையில் வைத்துக்கொண்டு வெலவெலத்து நின்றார். மெஷினின் விலை ரூபாயில் ஏறிவிட்டது. விலை ஏறினால் அதன் மேல் சதவீதமாகப் போடும் வரியும் ஏறும். அவருக்குப் பக்கத்தில் இன்னொருவர், அதே மாதிரி இறக்குமதிக்காரர், வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரித்துச் சாவதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "உங்களுக்குக் கவலை இல்லையா?" என்று கேட்டேன். "சாப், வரி அதிகம் கட்டுவேன். ஆனால் டாலரை ஏப்ரலிலேயே பாங்க்கில் ஃபார்வர்டு புக் பண்ணிவிட்டேன்" என்றார். ஃபார்வர்டு என்ற வார்த்தையை நான் கவனித்துக் கேட்டது அன்றுதான்.

அந்த ஃபார்வர்டு என்ன என்பதை மாமிகளிடம் கேட்கலாம். தை மாதத்தில் பெண்ணுக்குக் கல்யாணம். ஆடியிலேயே சமையல் கான்ட்ராக்டரைக் கூப்பிட்டு, இத்தனை இலை, இலைக்கு இத்தனை ரூபாய் என்று பேசி முடித்துவிடுகிறோம். தையில் வெங்காயம் என்ன விலை விற்றாலும் அது அவர் பாடு. விலை சரிந்து கிடந்தாலும் நாம் பேசிய தொகையைக் கொடுத்தாக வேண்டும். இரண்டு பக்கமும் கட்டு. இதுதான் ஃபார்வர்டு கான்ட்ராக்ட். மண்டபத்துக்கு வேறு மாதிரி. ஒரு சிறு தொகை கொடுத்துத் தேதியைப் பிடித்து வைக்கிறோம். வேண்டுமானால் எடுத்துக்கொள்வோம், வரன் தட்டிப் போனால் அட்வான்ஸோடு நஷ்டம் முடிந்தது. இது ஆப்ஷன். அந்த அட்வான்ஸுக்குப் பெயர் பிரீமியம். நாம் காலம் காலமாகச் செய்து வருகிற இந்தக் காரியங்களுக்குத்தான் பாங்க்குக்காரர்கள் டை கட்டிவிட்டிருக்கிறார்கள்.

ஆனால் ஃபார்வர்டு விலையை பாங்க் எங்கிருந்து எடுக்கிறது? டாலர் ஒரு வருஷம் கழித்து எங்கே இருக்கும் என்று ஜோஸ்யம் பார்த்துச் சொல்வதாகப் பலர் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அதில் ஜோஸ்யமே கிடையாது, வெறும் வட்டிக் கணக்கு. இன்று டாலர் 80 ரூபாய், நம் நாட்டில் வட்டி 7 சதவீதம், அமெரிக்காவில் 4 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஏற்றுமதிக்காரர் வந்து, "அடுத்த வருஷம் எனக்கு டாலர் வரும், இன்றே விலை சொல்" என்கிறார். பாங்க் இன்று ஒரு டாலர் கடன் வாங்கி, 80 ரூபாய்க்கு விற்று, அந்த ரூபாயை 7 சதவீத வட்டிக்குப் போடும். வருஷக் கடைசியில் அது 85 ரூபாய் 60 காசு. திருப்ப வேண்டியது 1.04 டாலர், அது ஏற்றுமதிக்காரரிடமிருந்து வந்துவிடும். 85.60-ஐ 1.04-ஆல் வகுத்தால் 82 ரூபாய் 31 காசு. அதுதான் ஃபார்வர்டு விலை. பாங்க் தன் கமிஷனை அதிலிருந்து கழித்துக்கொள்ளும்.

இந்தக் கணக்கை நான் வலியுறுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஃபார்வர்டு விலை என்பது நியாய விலை. அதைவிட நல்ல விலையை ஒருவர் உங்களுக்குச் சும்மா கொடுக்கிறார் என்றால், பதிலுக்கு உங்களிடமிருந்து எதையோ வாங்குகிறார். என்ன வாங்குகிறார் என்று கண்டுபிடிக்கும்வரை கையெழுத்துப் போடக்கூடாது.

மூன்றாவது வகை ஸ்வாப், அதாவது பரிவர்த்தனை. இதற்கு எல்லோரும் சொல்லும் முதல் பெரிய உதாரணம் 1981-ல் உலக வங்கியும் ஐ.பி.எம். கம்பெனியும் செய்துகொண்டது. ஐ.பி.எம்.முக்கு ஜெர்மன் மார்க்கிலும் சுவிஸ் ஃபிராங்க்கிலும் கடன் இருந்தது. டாலர் வலுத்திருந்ததால் அந்தக் கடன்களை டாலராக மாற்றிவிட்டால் லாபம் நிச்சயப்படும் என்று அது பார்த்தது. உலக வங்கிக்கோ வட்டி குறைந்த அந்த நாணயங்களில் கடன் வேண்டும். ஆனால் அங்கே நேராகப் போய் மேலும் மேலும் வாங்க முடியாத நிலை. சாலமன் பிரதர்ஸ் என்ற நிறுவனம் நடுவில் நின்று முடித்து வைத்தது. உலக வங்கி டாலரில் கடன் வாங்கியது; ஐ.பி.எம்.மின் மார்க், ஃபிராங்க் தவணைகளை அது ஏற்றுக்கொள்ள, அதன் டாலர் தவணைகளை ஐ.பி.எம். ஏற்றுக்கொண்டது. உன் கடனை நான் கட்டுகிறேன், என் கடனை நீ கட்டு. அவ்வளவுதான்.

வெளிநாட்டில் பிள்ளை இருக்கிற பலரும் தெரியாமலே ஒரு ஸ்வாப்பில் பங்கெடுத்திருக்கிறார்கள். 2013-ல் மே மாதம் 55 ரூபாய் போல இருந்த டாலர் ஆகஸ்ட் 28-ஆம் தேதி 68 ரூபாயைத் தாண்டியது. செப்டம்பரில் ரிசர்வ் வங்கி ஒரு ஜன்னலைத் திறந்தது. வெளிநாட்டு இந்தியர்களிடம் பாங்க்குகள் மூன்று வருஷத்துக்குக் குறையாமல் எஃப்.சி.என்.ஆர். டெபாசிட் வாங்கினால், அந்த டாலரை ரிசர்வ் வங்கி எடுத்துக்கொண்டு ரூபாய் கொடுக்கும். தவணை முடிந்ததும் டாலரைத் திருப்பித் தரும். அந்த ஏற்பாட்டுக்கு வருஷத்துக்கு 3.5 சதவீதம் கொடுத்தால் போதும். சந்தையில் ஆகியிருக்கக்கூடிய செலவில் அது ஏறக்குறைய பாதி. நவம்பர் முடிவதற்குள் டெபாசிட்டாக மட்டும் சுமார் 2,600 கோடி டாலர் வந்து குவிந்தது. என் நண்பர் ஒருவரின் பிள்ளை நியூஜெர்ஸியிலிருந்து அனுப்பினான். "வட்டி நன்னா கொடுக்கறான்" என்றுதான் அவருக்குத் தெரியும். 2016-ல் அத்தனையும் சந்தை குலுங்காமல் திருப்பிக் கொடுக்கப்பட்டது.

இதே ஸ்வாப் வட்டிக்கும் உண்டு. ஒரு கம்பெனி வெளிநாட்டில் 1 கோடி டாலர் கடன் வாங்குகிறது. முன்பு வட்டிக்கு அளவுகோல் லைபார். டாலர் லைபார் 2023 ஜூன் 30-ஆம் தேதியோடு விடைபெற்று, இப்போது சோஃபர் என்ற அமெரிக்க விகிதம் இருக்கிறது. கடன் சோஃபருக்கு மேல் 2 சதவீதம் என்று பேச்சு. 2021-ல் சோஃபர் கிட்டத்தட்ட பூஜ்யம், 0.05 சதவீதம். வருஷ வட்டி 2 லட்சம் டாலர் சொச்சம். 2023-ல் அது 5.3 சதவீதம். அதே கடன், அதே கம்பெனி, வட்டி 7 லட்சத்து 30 ஆயிரம் டாலர்! தொழிற்சாலையில் யாரும் ஒரு தவறும் செய்யவில்லை. 2021-லேயே ஒரு பாங்க்கோடு, "நான் உனக்கு நிலையாக 1 சதவீதம் தருகிறேன், நீ எனக்கு சோஃபர் என்னவோ அதைத் தா" என்று ஸ்வாப் போட்டிருந்தால், சோஃபர் வரவிலும் செலவிலும் அடிபட்டுப் போய், மொத்தம் 3 சதவீதம், 3 லட்சம் டாலர் என்று நின்றிருக்கும். ஆனால் 2022-ம் 2021 மாதிரியே போயிருந்தால், "வருஷத்துக்கு ஒரு லட்சம் டாலர் தண்டம்" என்று போர்டு மீட்டிங்கில் அந்த ஃபைனான்ஸ் மேனேஜரைக் குதறியிருப்பார்கள். நான் கேள்விப்பட்டவரை இந்தத் தொழிலில் இருப்பவர்களின் பெரிய கஷ்டம் இதுதான். வீடு தீப்பிடிக்காத வருஷத்தில் இன்ஷூரன்ஸ் பணம் வீண் என்று யாரும் சொல்வதில்லை. ஹெட்ஜிங்கில் மட்டும் சொல்கிறார்கள்.

ஹெட்ஜ் என்றால் வேலி. ஆடு மேயாமல் காக்கும். வேலி போட்டதால் விளைச்சல் கூடாது.

ஃபிஸிக்ஸ் படித்தவன் என்பதால் ஒரு அலைக் கணக்கு சொல்ல அனுமதியுங்கள். ஒரு அலைக்கு நேர் எதிரான அலையை, அதே உயரத்தில் விட்டால், இரண்டும் அடங்கித் தண்ணீர் சமமாகும். ஏற்றுமதிக்காரருக்கு டாலர் இறங்கினால் நஷ்டம். அவர் போட்ட ஃபார்வர்டில் டாலர் இறங்கினால் லாபம். ஒன்று மற்றொன்றை அடக்கும். எதிர் அலையின் உயரம் இரண்டு மடங்கானால்? தண்ணீர் அடங்காது. பழைய உயரத்திலேயே புதிய அலை, எதிர்த் திசையில் கிளம்பும். கல்லூரியில் இதைப் படம் போட்டு முழு மார்க் வாங்கினேன். 2007-ல், வாங்க வேண்டிய இடத்தில், எனக்கு இது தோன்றவில்லை.

என் மனைவியின் தம்பி கோலாப்பூர் பக்கம் சிறிய ஃபவுண்டரி வைத்திருக்கிறார். பம்ப்புக்கான இரும்பு வார்ப்புகள், அமெரிக்காவுக்கு ஏற்றுமதி. அந்த நாளில் மாதம் 2 லட்சம் டாலர் போல பில் போடுவார். 2007-ல் நடந்தது உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும்: வருஷ ஆரம்பத்தில் 44 ரூபாயாக இருந்த டாலர், வருஷ முடிவில் 39 ரூபாய் சொச்சத்துக்கு வந்துவிட்டது. ரூபாய் பலப்பட்டது என்று பத்திரிகைகள் எழுதின. ஏற்றுமதிக்காரர் வீட்டில் அடுப்பு எரிவது சந்தேகமாயிற்று. நவம்பரில் ஒரு பாங்க்கிலிருந்து ஓர் இளைஞர் லேப்டாப்போடு வந்தார். சாதாரண ஃபார்வர்டு போட்டால் 40 ரூபாய்க்குள்தான் கிடைக்கும், எங்கள் திட்டத்தில் 42 ரூபாய், செலவு பூஜ்யம், 18 மாதத்துக்கு நிச்சயம் என்றார்.

திட்டம் இதுதான். மாதா மாதம் டாலர் 42-க்குக் கீழே இருந்தால் 1 லட்சம் டாலரை 42 ரூபாய்க்கு விற்கலாம். 42-க்கு மேலே போனால் 2 லட்சம் டாலரை 42 ரூபாய்க்கு விற்க வேண்டும். கவனியுங்கள்: முதலில் 'லாம்', அடுத்தது 'வேண்டும்'. முதலில் ஒன்று, அடுத்ததில் இரண்டு. என் மைத்துனர் மண்டப அட்வான்ஸ் கொடுத்துத் தனக்கு ஓர் ஆப்ஷன் வாங்கியதாக நினைத்தார். உண்மையில் அவர் பாங்க்குக்கு இரண்டு ஆப்ஷன் விற்று, அந்தப் பிரீமியத்தில்தான் தன்னுடையதை வாங்கினார். செலவு பூஜ்யம் என்பதன் அர்த்தம் அது. நியாய விலையைவிட இரண்டு ரூபாய் அதிகம் கிடைத்ததன் ரகசியமும் அதுவே.

காகிதத்தை எனக்கு ஃபாக்ஸ் அனுப்பினார். "அத்திம்பேர், நீங்க ஒரு தடவை பார்த்துட்டா எனக்குத் தைரியம்" என்றார். நான் பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அதில் ஒரு அட்டவணை இருந்தது: டாலர் 38 ஆனால் இவ்வளவு லாபம், 40 ஆனால் இவ்வளவு, 42 ஆனால் லாபமும் இல்லை நஷ்டமும் இல்லை. கூட்டல் பெருக்கல் எல்லாம் சரியாக இருந்தது. 42-க்கு மேலே ஒரு வரிசைகூடக் கிடையாது. மேலே போனால் 2 லட்சம் டாலர் என்ற வரியையும் படித்தேன். "உன் பில்லே மாசம் 2 லட்சம்தானே, அதுவும் இந்தப் போக்கில் டாலர் எங்கே மேலே போகப் போகிறது, பரவாயில்லை" என்றேன். 1991-ல் மூன்று நாளில் 21-லிருந்து 26-க்குத் தாவியதைச் சொந்தக் கண்ணால் பார்த்தவன் நான். 50 ரூபாய் ஆனால் என்ன ஆகும் என்று ஒரு வரிசை எழுதிப் பார்க்க இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும்.

முதல் ஐந்து மாதம் நன்றாகவே இருந்தது. 11 லட்ச ரூபாய் போல அதிகப்படி கிடைத்தது. என் மனைவிக்குப் பட்டுப் புடவை வந்தது, எனக்கு வேஷ்டி. 2008 மே மாதம் டாலர் 42-ஐத் தாண்டியது. அப்போதும் பெரிய வலி இல்லை. 43-க்கு விற்கக்கூடியதை 42-க்கு விற்றார். செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் விழுந்தது. அக்டோபர் கடைசியில் டாலர் 50 ரூபாயைத் தொட்டது. அதோடு நிற்கவில்லை. அமெரிக்காவில் பம்ப் வாங்குவார் இல்லை. அவருடைய ஆர்டர் மாதம் 80 ஆயிரம் டாலராகச் சுருங்கியது. பாங்க்குக்குக் கொடுக்க வேண்டியதோ 2 லட்சம் டாலர். மீதி 1 லட்சத்து 20 ஆயிரம் டாலரைச் சந்தையில் 49, 50 என்று வாங்கி 42-க்குக் கொடுத்தார். 2009 மார்ச்சில் 51 ரூபாய். அந்த ஒரு மாதம் மட்டும் 10 லட்சத்து 80 ஆயிரம் போயிற்று. நல்ல மாதத்திலேயே அவருக்கு நிகர லாபம் 5 லட்சத்தைத் தாண்டியதில்லை. நடுவில் முறித்துக்கொள்ளலாம் என்று கேட்டால், பாங்க் சொன்ன தொகை இதைவிடப் பயங்கரமாக இருந்தது.

2009 மே மாதம் ஒப்பந்தம் முடியும்போது மொத்த நஷ்டம் 60 லட்சத்துக்கு மேல். பூனாவில் பெண்ணுக்காக வாங்கி வைத்திருந்த ஃபிளாட்டை விற்றார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அவர் 40 ரூபாய்க்கு மாதம் 1 லட்சம் டாலர் சாதா ஃபார்வர்டு போட்டிருந்தாலும் நஷ்டப்பட்டிருப்பார். 50-க்கு விற்கக்கூடியதை 40-க்கு விற்றோமே என்று வயிறு எரிந்திருக்கும். ஆனால் கைப்பணம் போட்டு வாங்க வேண்டியது மாதம் 20 ஆயிரம் டாலராக இருந்திருக்கும்; மாதம் 2 லட்ச ரூபாய் போல. வலித்திருக்கும், ஃபிளாட் போயிருக்காது. எதிர் அலை அசல் அலையின் உயரத்தைத் தாண்டிய அந்த மீதிதான் அவரைக் கவிழ்த்தது. அந்த மீதிக்கு ஹெட்ஜிங் என்று பெயர் வைக்க முடியாது. நான் ஆமோதித்தது அதைத்தான்.

அவர் தனியாக இல்லை என்பது பிறகு தெரிந்தது. அந்த வருஷங்களில் ரூபாய்க் கடனுக்கு வட்டி அதிகம் என்று அதை ஜப்பான் யென்னாகவும் சுவிஸ் ஃபிராங்க்காகவும் ஸ்வாப் மூலம் மாற்றிக்கொண்ட கம்பெனிகள் ஏராளம். யென்னில் வரவே இல்லாத கம்பெனிகள்! 2007 ஜூனில் ஒரு டாலருக்கு 124 யென். 2008 டிசம்பரில் 90-க்கும் கீழே. மிச்சம் பிடித்த வட்டியெல்லாம் அசலில் பறந்துவிட்டது. சுவிஸ் ஃபிராங்க் 2008 மார்ச்சில் டாலருக்குச் சமமாக வந்து நின்றது. அதுவரை அப்படி ஆனதே இல்லை, ஆகாது என்று பந்தயம் கட்டியதைப் போன்ற ஒப்பந்தங்கள் பல கம்பெனிகளிடம் இருந்தன. அதே மாதக் கடைசியில் சார்ட்டர்டு அக்கவுண்டன்ட்டுகளின் இன்ஸ்டிட்யூட், இந்த நஷ்டங்களைக் கணக்கில் காட்டியே ஆக வேண்டும் என்று அறிவித்தபோதுதான் பல இடங்களில் மூடியே திறந்தது.

வழக்குகளும் போடப்பட்டன. ராஜஸ்ரீ சுகர்ஸ் நிறுவனம் ஆக்சிஸ் வங்கிக்கு எதிராகச் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. ஒப்பந்தச் சட்டத்தின் 30-வது பிரிவுப்படி பந்தயம் செல்லாது. இதுவும் பந்தயம்தான் என்பது கம்பெனி வைத்த வாதங்களில் ஒன்று. 2008 அக்டோபரில் தீர்ப்பளித்த நீதிபதி வி. ராமசுப்பிரமணியன் அதை ஏற்கவில்லை. கையெழுத்துப் போட்டவர் பொறுப்பு, கையெழுத்துப் போட்டவரைச் சேரும் என்பது எங்களைப் போன்றோருக்குப் புரிந்தது. என் மைத்துனர் வக்கீலிடமே போகவில்லை. "படிச்சுட்டுத்தானே கையெழுத்துப் போட்டேன்" என்றார். படித்தது நான்.

பாங்க்குகளும் முற்றிலும் தப்பவில்லை. வாடிக்கையாளருக்கு இது பொருத்தமானதா, அவருக்குப் புரிகிறதா என்று பார்க்க வேண்டும் என 2007 ஏப்ரலிலேயே ரிசர்வ் வங்கி விதி போட்டிருந்தது. அதையும் பிற டெரிவேட்டிவ் விதிகளையும் மீறியதற்காக 2011 ஏப்ரலில் 19 பாங்க்குகளுக்கு அபராதம் விதித்தது. ஒவ்வொன்றுக்கும் 5 லட்சத்திலிருந்து 15 லட்ச ரூபாய் வரை. தொகையைக் கேட்டு நான் சிரித்தேன். என் மனைவி சிரிக்கவில்லை.

அதன் பிறகு விதிகள் இறுகியிருக்கின்றன. சிறு கம்பெனிகளுக்குச் சிக்கலான கலவைகளை விற்க முடியாதபடி வாடிக்கையாளர்களைத் தரம் பிரித்திருக்கிறார்கள். 2008 ஆகஸ்டில் நேஷனல் ஸ்டாக் எக்ஸ்சேஞ்சில் டாலர் ஃப்யூச்சர்ஸ் வந்தது. ஒரு கான்ட்ராக்ட் 1,000 டாலர்தான் என்பதால் சிறியவர்களும் வேலி போடலாம் என்றார்கள். வேலி போட்டவர்களைவிட வேடிக்கை பார்க்க வந்து பந்தயம் கட்டியவர்களே அதிகம் என்ற பேச்சும் உண்டு. 2024 ஜனவரியில் ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கையில், எக்ஸ்சேஞ்சில் ரூபாய் சம்பந்தப்பட்ட டெரிவேட்டிவ் வாங்குகிறவருக்கு நிஜமான டாலர் வரவோ செலவோ இருக்க வேண்டும் என்பதைத் திரும்ப நினைவூட்டியது. புது விதி இல்லை, பழைய விதிதான். ஆனாலும் ஏப்ரல் தொடக்கத்தில் சந்தையில் ஒரே களேபரம். அமல் தேதியை மே 3 வரை தள்ளிப் போட வேண்டியதாயிற்று. வேலி போட எத்தனை பேர் வந்திருந்தார்கள் என்பது அந்தக் களேபரத்தில் தெரிந்தது.

பேச்சு முடிந்ததும் கேள்வி நேரம். ரயில்வேயில் ஓய்வு பெற்ற நண்பர் எழுந்து, "அப்போ டெரிவேட்டிவ்ஸே வேண்டாம்னு சொல்றேளா?" என்று கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

இல்லை. என் மைத்துனர் இன்றும் செய்கிறார். கையில் உறுதியான ஆர்டர் இருந்தால் மட்டும், அதில் பாதிக்கு, சாதா ஃபார்வர்டு; அதற்குமேல் ஒரு டாலர்கூட இல்லை. அமெரிக்காவிலிருந்தே சில கச்சாப் பொருளை டாலரில் வாங்க ஆரம்பித்தார். வரவும் செலவும் ஒரே நாணயத்தில் இருந்தால் அந்த அளவுக்கு பாங்க்கே தேவையில்லை. ஃபவுண்டரி பிழைத்துக்கொண்டது. ஃபிளாட் வாங்க இன்னும் எட்டு வருஷம் ஆயிற்று. பெண்ணின் கல்யாணத்துக்கு அது வரவில்லை.

அந்தத் தவறைப் பற்றி அவர் இதுவரை என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் பாங்க்கிலிருந்து எந்தக் காகிதம் வந்தாலும் இன்னமும் எனக்கு அனுப்புகிறார். இப்போது ஃபாக்ஸ் இல்லை, வாட்ஸ்அப்பில் போட்டோ எடுத்து. 2025-ல் டாலர் 85-க்கு மேல் இருந்தபோது வந்த ஒரு காகிதத்தில் 82, 84, 86, 88 என்று அச்சிட்ட அட்டவணை. அதன் கீழே அவரே பென்சிலால் இரண்டு வரிசை சேர்த்திருந்தார்: 60, 120. "அத்திம்பேர், இந்த ரெண்டுக்கு மட்டும் கணக்குப் போட்டுச் சொல்லுங்கோ" என்று எழுதியிருந்தார். போட்டு அனுப்பினேன்.